எதை உலுக்கினான்

தேவகோட்டை நடுவர் நீதிமன்றத்தில் நான் தட்டச்சர்.
வாயில் வருவதை வரியாக்கி
'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று
முடித்து வைப்பவள்.

மாசி வெயில். கூண்டில் பஞ்சவர்ணம்,
புளி பொறுக்கப் போன கூலியாள்.
முந்தியில் இன்னும் ஒரு துண்டுக் கோது.
"சேவுகன் உலுக்குனான். அடைக்கலம் கெடந்தான்."
அவ்வளவுதான் சாட்சியம்.

"எதை உலுக்கினான்?" அரசு வக்கீல்.
"உலுக்குனான்யா."
"அதான், எதை?"
செயப்படுபொருள் இல்லாமலே
நடந்துவிடும் நம் வாக்கியம்,
செருப்பில்லாமல் அவள் கோர்ட்டுக்கு
நடந்து வந்ததைப்போல.

நெடுஞ்சாலைத் துறை நம்பர் போட்ட மரம்,
இருநூற்றுப் பதினேழு,
ஏலத்தில் எடுத்தவன் சேவுகன்.
ஆள் இருந்த கிளையை உலுக்கினான் என்றால் ஒரு பிரிவு.
ஆள் இருப்பது தெரியாமல் என்றால் வேறு பிரிவு.
விழுந்து கிடந்தவனின் தோளை என்றால்
வழக்கே இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் அகராதி கொண்டுவந்திருந்தார்.
அடையாளத்துக்குப் பேருந்துச் சீட்டு வைத்திருந்தார்.
"உலுக்குதல்: பலமாக அசைத்தல், ஐயா."
விசிறி அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டது.

பலமாக அசைத்தலா?
எனக்குச் சிரிப்பு வந்தது.
எதிரே வங்கி வாசலில் ஜெனரேட்டர்
நாள் முழுக்கப் பலமாகத்தான் அசைகிறது,
அது யாரையும் உலுக்குவதில்லை.
ஏலச்சீட்டுக்காரர் டப்பாவைக் குலுக்குகிறார்,
டவாலி தோள்துண்டை உதறுகிறார்.
உலுக்க வேண்டுமென்றால்
ஒன்று இன்னொன்றைப் பிடித்திருக்க வேண்டும்;
விட மாட்டேன் என்று பிடித்திருக்க வேண்டும்.

முந்தின நாள் மாலைப் பேப்பரில்
'தேவகோட்டையை உலுக்கிய புளியமர வழக்கு'.
டீக்கடையில் அதன் மேல்தான் வடை வைத்துக் கொடுத்தார்கள்.
ஊரில் ஒரு இலை உதிரவில்லை.

இரண்டு வயதில் என் மகனுக்கு ஜன்னி கண்டது.
கண் மேலே சொருகி, பல் கிட்டி.
காரைக்குடிக்குப் போகும் பஸ்ஸில்
நானும் உலுக்கினேன் அவனை,
வளையல் உடையும்வரை.
பிள்ளையை உலுக்கக் கூடாதம்மா என்று
டாக்டர் சத்தம் போட்டார்.
அவன் இப்போது புதுவயல் ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறான்.
அன்று எதைத்தான் உலுக்கினேன்?
அவனையா, அவனைப் பிடித்திருந்ததையா?
எந்தக் கோர்ட்டும் என்னிடம் கேட்கவில்லை.

"செஞ்சு காமிம்மா," என்றார் நீதிபதி.

பஞ்சவர்ணம் கூண்டின் கம்பியைப் பிடித்தாள்.
பிடித்து உலுக்கினாள்.
ஆணி முனக, மேசைத் தண்ணீர் தளும்பி
எழுத்தர் கட்டின் மேல் சிந்தியது.
அப்போது அவள் முகம் மேலே பார்த்திருந்தது,
கண்ணில் தூசி விழுமே என்று சுருக்கியபடி.

நிறுத்தினாள். மூச்சு வாங்கியது.
பிறகு யாரும் கேட்காமலே
அதே கம்பியை மறுபடி உலுக்கினாள்.
அதே கை, அதே வேகம்.
இப்போது முகம் கீழே.
"எந்திரிடா, எந்திரிடா" என்றாள்,
அது அவள் சொல்லா சேவுகன் சொல்லா
தெரியவில்லை.

குற்றவாளிக் கூண்டில் சேவுகன்
தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு தரம் உலுக்கினானா?"
"உலுக்குனான்யா."

'சாட்சி, கூண்டின் கம்பியை
இருமுறை உலுக்கிக் காட்டினார்'
என்று தட்டினேன்.
முகம் மேலா கீழா என்பதற்கு
அந்தப் படிவத்தில் இடமில்லை.
படித்துக் காட்டினேன்.
சரிதான் என்றாள்.
மைப்பெட்டியை நீட்டினேன், பெருவிரலை வைத்தாள்.
புளி தின்ற விரல். ரேகை தேய்ந்து,
காகிதத்தில் விழுந்தது
வெறும் கறுப்பு.