செவ்வாய்க்கிழமை, விடுப்பு

வாரத்தில் ஐந்து நாள்
மஞ்சள் அஞ்சல் பேருந்தை
இருபத்தேழு கொண்டை ஊசிகள் ஏற்றி
இருபத்தேழும் இறக்குகிறேன்.
வளைவுக்கு வளைவு, மூன்று சுரத்தில் ஹாரன்.
தூக்கத்திலும் அடிக்கிறாய் என்கிறான் கிளாவ்.
அவன் விலாவில்தான் அடிக்கிறேனாம்.

செவ்வாய் எனக்கு விடுப்பு.

லாரியும் காரும் திரும்பிப் போகும் இடத்தில்
சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு தடுப்புக்கட்டை.
அதற்கும் பாறைக்கும் நடுவே
பசு ஒருக்களித்து நுழையும் சந்து.
சைக்கிளின் கைப்பிடியைத் திருப்பி
நானும் நுழைகிறேன்.
டயரில் கொஞ்சம் காற்றை இறக்குகிறேன்.
முந்தாநாள் ரொட்டி மாதிரி
அமுங்கியும் அமுங்காமலும் இருக்கவேண்டும்.

பிறகு சரளை தொடங்குகிறது.
நிழலில் ஈரம் குடித்த சரளை: நறநற.
வெயிலில் காய்ந்தது: பொரபொர.
ஓடை அரித்த இடத்தில் உருண்டைக் கற்கள்
சக்கரத்தடியில் கடைசி நிமிடம்
கட்சி மாறுகின்றன.
நெஞ்சு ஒருமுறை வழுக்கி, திரும்ப ஏறி உட்காருகிறது.

நாற்பத்தொரு பேரைச் சுமக்கிற பழக்கம்
முதுகை விட்டு இறங்க
ஐந்து கிலோமீட்டர் ஆகிறது.
அதுவரை ஒவ்வொரு குழியிலும்
"மன்னியுங்கள்" என்கிறேன்
பின்னால் யாரும் இல்லாத ஒரு சீட்டிடம்.

லார்ச் மரங்கள் முடிந்து
புல் மட்டும் மேலே போகிறது.
எங்கோ ஒரு மர்மோட் விசிலடித்தது.
எங்கள் வண்டியில் நடத்துநரே கிடையாது,
இருந்தும் கால் தானாக நின்றுவிட்டது.

மின்வேலி.
ரப்பர் பிடியைக் கழற்றி, கடந்து,
மறுபடி கொக்கியில் மாட்டுகிறேன்.
டிக். டிக். டிக்.
நாலடி போய்த் திரும்பிப் பார்க்கிறேன்
கதவு சாத்தியிருக்கிறதா என்று.
பார்த்துக்கொண்டிருந்த மூன்று மாடுகளும்
நான் பார்த்ததைச் சரிபார்க்கின்றன.

அதற்கும் மேலே, குருட்டு வளைவில்,
கம்பம் சாய்ந்த ஒரு வட்டக் கண்ணாடி.
அணை கட்டிய காலத்தில்
சிமென்ட் லாரிகளுக்கு நட்டது.
அணை நிறைந்தது. லாரிகள் போயின.
கண்ணாடியைப் பிடுங்க யாருக்கும் உத்தரவு வரவில்லை.
எதிரே வண்டி வருகிறதா என்று
இத்தனை வருடமாய் அது
மேகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.
இன்று அதில் ஒரு வண்டி:
ஹெல்மெட் போட்ட உப்பிய முகம்,
கடுகளவு கால்கள்.
ஓரம் ஒதுங்கி எனக்கு வழிவிட்டேன்.

இறக்கத்தில் எதிரே ஒருவன்
மூச்சிரைக்க ஏறி வந்தான்.
முன்பையிலிருந்து காளான் வாசனை.
துமாஷ்.
ஏழு பன்னிரண்டு வண்டி, மூன்றாம் வரிசை, ஜன்னல் ஓரம்.
ஒன்பது வருடமாய் என் தலைக்கு மேல் கண்ணாடியில்
அவன் கொட்டாவி விடுவதை,
சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுத் திருத்துவதை,
தாய் இறந்த வாரம்
ஆலை நிறுத்தத்தில் இறங்க மறந்ததைப் பார்த்திருக்கிறேன்.
இன்று வேலை நாள்.
மர ஆலையில் காய்ச்சல் என்று சொல்லியிருப்பான்.

"அலெக்ரா" என்றான், யாரோ ஒருத்திக்குச் சொல்வதுபோல்.
"அலெக்ரா" என்றேன்.
முகம் தெரியவில்லை அவனுக்கு.
எப்படித் தெரியும்?
அவன் பார்த்ததெல்லாம் என் பிடரி.

கடந்து ஒரு பத்து மீட்டர் உருண்டிருப்பேன்,
பின்னால் பிரேக் கிறீச்சிட்டது.

"மட்லைனா!"

திரும்பவில்லை. வண்டி ஓட்டும்போது திரும்பக்கூடாது.
எதிர்வரும் பேருந்துக்குக் காட்டுவதுபோல்
இடது கையை மட்டும் தூக்கினேன்.

"ஆலையில் சொல்லிவிடாதே!"

அடுத்த வளைவு வந்துவிட்டது.
ஒரு வண்டியும் வராத, வரவே முடியாத வளைவு.
தொண்டை தானாகத் திறந்து
மூன்று சுரம்.

சரிவெங்கும் மர்மோட்டுகள்
வளைக்குள் பாய்ந்தன.