முழுசா, துண்டா

மீன்காரம்மா கேட்கிற மாதிரியே கேட்கிறது
கறுப்புத் திரை:
முழுசா, துண்டா?

முழுசு என்றால் ஏழு ஜிபி.
லாஸ்பேட்டை மாடியறையில்
இரண்டு சிம்மின் டேட்டாவையும் கொட்டினாலும்
விடிந்துவிடும்.
சதுரங்கக் காய்களுக்கு எழுத்துரு இருக்கிறதாம் அதில்.
குறுக்கெழுத்துக் கட்டம் போடலாம்,
ஸ்வெட்டர் பின்னும் கணக்கை அச்சடிக்கலாம்.
புதுச்சேரியில், ஸ்வெட்டர்.
எனக்கு வேண்டியது ஒரே ஒரு நண்டு ஆய்வேடு.

ஹாஜிராவுடையது. பரங்கிப்பேட்டை,
வெள்ளாற்று முகத்துவாரத்தில் நான்கு வருடச் சேறு.
லத்தீன் பெயர் சாய்வெழுத்தில்,
பக்கத்திலேயே வலைக்காரர்கள் வைத்த பெயர் தமிழில்,
அட்டவணை மட்டும் எழுபத்தொன்று.
திங்கள் பதினொரு மணிக்கு பைண்டிங்.

துண்டு என்றால் பத்தே நிமிடம்.
அப்புறம்தான் ஆரம்பிக்கும்:
அது இல்லை, இது இல்லை, இறக்கு.
இலையில் உட்கார்ந்தபின்
ஒவ்வொன்றாகக் கேட்கிற ஆள்.
மழைக்கு நெட் போய்விட்டால்
பாதிச் சோற்றில் எழுந்துவிடுவான்.

ஏற்கெனவே இருப்பது மூன்றாவது.
டெபியன் தன் களஞ்சியத்தில் காயவைத்து எடுத்துக்கொடுத்த
போன வருடத்துக் கருவாடு.
கெட்டுப்போகாது, குறை சொல்ல முடியாது.
ஆனால் அதில்தான் நேற்று
‘கொடுக்கு’ உடைந்தது.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்.
நூற்று நாற்பது பக்கத்திலும்
ஊனமான நண்டுகள்.

பழசுதான் காரணம் என்று முடிவுகட்டினேன்.
முழுசு, என்றேன்.

ஒன்றரை மணிக்கு கரண்ட் போனது.
லேப்டாப்பில் நாற்பது சதவீதம்,
இறங்கியதும் நாற்பது சதவீதம்.
போனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு
இரண்டு எண்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்றுக்கு கரண்ட் வந்தது. கொசுவும்.

ஐந்து இருபதுக்கு எல்லாம் வந்து சேர்ந்தது.
புத்தம்புதுசு, இந்த வருடத்தது.
ஓட்டினேன்.
கொம்பு ஒரு பக்கம். கால் ஒரு பக்கம்.

பால் பாக்கெட் வாங்கிவந்து
முதல் பக்கத்திலிருந்து படித்தேன், என் கட்டளைகளை நானே.
எழுத்துருவின் பெயர் சொல்லியிருக்கிறேன்,
அளவு, வரி இடைவெளி, ஓரம், எல்லாம்.
இது தமிழ் என்று மட்டும்
எங்குமே சொல்லவில்லை.

ஒரு சொல் சேர்த்தேன். ஒரு சமன்குறி.
கொடுக்கு சேர்ந்துகொண்டது.

இது அந்தக் கருவாட்டிலேயே நடந்திருக்கும்.
சரி, சதுரங்கக் காய்கள் இருக்கட்டும்,
யார் கண்டது.
ஹாஜிராவுக்கு பில் போடும்போது
ராத்திரி டேட்டாவைச் சேர்ப்பதா என்றுதான்
இன்னும் முடிவுசெய்யவில்லை.