மூன்றாம் தளம், பதினான்காம் தூண்

வரைபடத்தில் அது ஊதா.
ஊதா என்றால் படைப்புத் தொழில்கள்
என்கிறது ஓரத்துக் குறிப்பு.
மஞ்சள் கடைகளுக்கு. பச்சை, மூச்சு விட.
சாம்பலுக்கு மட்டும் பெயர் போடவில்லை.
ஆட்கள் இப்போது சாம்பலில்தான் இருக்கிறார்கள்.

என் வேலைக்கு நிறமில்லை.
செந்தூலில் எவ்வளவு சத்தம் என்று அளந்து
எண்ணாக்கித் தரவேண்டும்.
ஒன்பது ஒலிப்பதிவுக் கூடங்கள் வருகின்றன,
அனிமேஷனுக்கு இரண்டு மாடி,
நடந்து போகிறவர்கள் நின்று பார்க்க
கண்ணாடிக்குள் ஒரு வானொலி நிலையம்.
"உள்ளே இருபத்தைந்து டெசிபல்.
அதற்கு மேல் ஒரு மூச்சு கூடாது"
என்றார் திரு. சியா,
அவர் நாற்காலி கிறீச்சிட.

ஆகவே இரவுகளில் நிற்கிறேன்,
முக்காலியில் மைக், மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி,
எனக்குக் கொசு.
கடைசி கொமியூட்டர் முதலில்
முழங்காலுக்குத்தான் வருகிறது,
காதுக்கு அப்புறம்.
தகரக் கூரைமேல் மழை: எண்பத்தொன்று.
மாமாக் கடைத் திரையில் பந்து.
கோல் விழுந்ததா இல்லையா என்று
நானூறு மீட்டர் தள்ளி என் வரைகோடு சொல்லிவிடும்.
ஒரு நாய். மறுபடி அதே நாய்.
விடியுமுன் சூராவ், அதன் பின்னாலேயே கோயில் மணி;
அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே பத்தி,
'இடைவிட்டு வரும் ஒலிகள்'.

எங்கும் ஐம்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

நான்காம் இரவு
அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில்
மூன்றாம் தளம், பதினான்காம் தூணருகே
எண் சரிந்தது. முப்பத்தெட்டு.
கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.

அங்கே ஒரு மைவி.
கண்ணாடிகளுக்கு உள்ளிருந்து போர்வை.
எஞ்சின் ஓடவில்லை, ஆனால் கார் பேசியது:
"உங்கள் குடும்பத்தின் புன்னகைக்கு..."
நின்றது.
"உங்கள் குடும்பத்தின்..."
இம்முறை குடும்பத்தில் கொஞ்சம் சாய்ந்து.
பதினோரு முறை எண்ணினேன்.

கதவு திறந்ததும் வியர்வை வாசம்.
ஏசி போட்டால் பதிவில் விழுமாம்.
பெயர் யுகேஸ்வரி.
பற்பசை, காப்புறுதி, தீபாவளி மலிவு விற்பனை,
கொரிய நாடகத்தில் கொலைகாரியின் தங்கை,
எல்லாம் இந்தப் பின்சீட்டிலிருந்து.
"எல்லா மாடியும் நின்னு கேட்டுட்டேன்.
தூணும் சுவரும் ரயிலை வாங்கிக்குது.
இதான் நல்ல மூலை. நீங்க?"
"அதே வேலைதான்" என்றேன்.
என் கருவியின் விலை பதினெட்டாயிரம் ரிங்கிட்,
அதைச் சொல்லவில்லை.

"இங்க ஸ்டூடியோ வருதாமே?"
"வருது."
"வாடகை?"
எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை.
"குறைஞ்சது இருநூறு சதுர அடி எடுக்கணும்" என்றேன்.
அவள் காரைத் திரும்பிப் பார்த்தாள்.
"எனக்கு முப்பது போதும்.
இங்க மூணு ரிங்கிட், விடிய விடிய."

மைக்கை உள்ளே வைத்துப் பார்க்க அனுமதி கேட்டேன்.
இருவரும் ஏறி, கதவடைத்து, போர்வை இழுத்தோம்.
இருபத்தாறு.
மூச்சைப் பிடித்தோம்.
இருபத்தைந்து.
அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

வரைபடத்தில் இந்தக் கட்டடம் இடிகிறது.
இங்கே 'படைப்பாளர் சதுக்கம்'.
ஒட்டிவைத்த மனிதர்கள் நடக்கிறார்கள்,
பலூனோடு ஒரு பெண்,
கோலாலம்பூர் வெயிலில் கோட்டு போட்ட ஒருவர்.
யாருக்கும் வியர்க்கவில்லை.

பின்னிணைப்பில் எழுதினேன்:
'இயங்கிவரும் ஒலிப்பதிவுக் கூடம், ஒன்று.
அளவு: ஒரு மைவி.
பரிந்துரை: தூண் உட்பட, தளத்தை அப்படியே விடவும்.'
சிவப்பு வட்டம் போட்டு வந்தது:
எழுத்துப் பிழையா?
இல்லை என்று அனுப்பியிருக்கிறேன்.
ஒன்பது நாளாகிறது.

பின்னணி அளவீட்டில் மனிதக் குரல் விழுந்தால்
அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டும், அது விதி.
இரண்டு பதினான்கு முதல் இரண்டு இருபது வரை
நான் இன்னும் வெட்டவில்லை.
ஏழாவதுதான் நன்றாக வந்திருந்தது.
அவளிடம் சொல்லியிருக்கலாம்.