பெருவிரலுக்குக் கீழே

கோரிக்கை எண் நாற்பத்தொன்று.
கேட்டவர் ஹெல்டூர் காஸ்க், ஹீயுமா தீவு, எஸ்டோனியா.
கேட்டது, முப்பத்தெட்டாம் வருடத்துச்
செக் மாத இதழ் ஒன்றில் நான்கு பக்கம்.
காரணம் எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதியிருந்தார்:
தேனீப் பெட்டிகளில் சாவு.

தார்த்தூ இல்லை என்றது.
ஹெல்சிங்கி இல்லை என்றது.
லைப்சிக், இருக்கிறது,
தொட்டால் உதிரும், தொட மாட்டோம் என்றது.
பதினெட்டாம் நாள் பிர்னோவிலிருந்து ஒரு வரி:
இதழ் பயணம் செய்யாது,
பக்கங்கள் செய்யும்.

அந்த வாரம் கடல்மட்டம் இறங்கி ஃபெர்ரி ஓடவில்லை.
கடையில் பால் இல்லை.
பக்கங்கள் வந்துவிட்டன.

நான்காவதில், இடது கீழ் மூலையில்,
ஒரு பெருவிரல்.
ஒட்ட வெட்டிய நகம், கணுவில் பிளாஸ்திரி.
எண்பது வருடச் சுருளை அழுத்திப் பிடித்திருக்கிறது.
அதற்கடியில் ஒரு சொல்.

ஹெல்டூர் அகராதியோடு வந்து
ஜன்னலோரம் இரண்டு நாள் உட்கார்ந்தார்.
எல்லாம் புரிந்துவிட்டது, விரலைத் தவிர.
"ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை சொட்டு?
அது இதற்குள்ளே இருக்கிறது" என்று
தாளைத் தட்டினார், நகத்தின் மேலேயே.

முன்பின் தெரியாதவரிடம் கேட்கிற கேள்வியா?
கேட்டேன்:
மன்னிக்கவும், உங்கள் பெருவிரல்
எதன் மேல் இருக்கிறது?

அரைமணியில் பதில், ஸ்டிஸ்லவா என்று கையெழுத்து.
ஏழின் மேல்.
வெட்கமாக இருக்கிறது.
வெங்காயம் நறுக்கும்போது பட்ட காயம்,
இப்போது ஆறிவிட்டது.

ஹெல்டூர் பென்சிலை வாங்கி
அச்சில் இருந்த நகத்தின் மேல்
ஏழு என்று எழுதினார், மெதுவாக,
வலிக்குமோ என்பதுபோல.

விதி எளிது:
ஒரே பிரதி எடு, கேட்டவரிடம் கொடு,
கோப்பை அழித்துவிடு.
இந்த விதியில் நானே கையெழுத்திட்டிருக்கிறேன்.
மூன்று பக்கத்தைச் சட்டென்று அழித்தேன்.
நான்காவதற்குமுன் எழுந்துபோய்
ஒன்றுமில்லாத அலமாரியை ஒழுங்குபடுத்தினேன்.
பிறகு அழித்தேன்.

ஏப்ரலில் வந்தார், சட்டையில் புகை வாசம்.
பதினாறு பெட்டியில் ஐந்து உயிரோடிருக்கின்றன.
சொட்டுகளாலா, வெயிலாலா, தெரியாது என்றார்.
அறிக்கையில் இரண்டே பத்தி உண்டு,
நிறைவேறியது, நிறைவேறவில்லை.
முதலாவதில் ஒரு கோடு போட்டேன்.
பிர்னோவுக்குச் சேரவேண்டிய எட்டு யூரோவையும் அனுப்பினேன்.

அழித்தது எதுவும் உடனே போவதில்லையாம்,
கணினியின் குப்பைக்கூடையில்
முப்பது நாள் கிடக்குமாம்.
இன்று இருபத்தொன்பது.
நூலகம் ஆறு மணிக்கு மூட வேண்டும்.
ஆறே கால் ஆகிறது.