அரைமணி

நூல் பிடித்து அளந்தால்
டப்போவுக்கும் புரோக்கன் ஹில்லுக்கும் நடுவே
அறுநூற்று எழுபது கிலோமீட்டர்.
இது நிமலன் கணக்கு.
சுரங்கத்தில் நிலமளப்பவன்,
நேர்க்கோட்டை நம்புகிறவன்.

என் கணக்கு எழுநூற்று ஐம்பத்து மூன்று.
நிங்கன், கோபர், வில்கேனியா,
காட்டாடுகள் யோசிக்காமல் குறுக்கே வரும் வெளி,
பொழுதுபட்டால் கங்காரு.
எட்டு மணி நேரம் ஸ்டீயரிங் பிடித்த தோள்
சொல்கிற கணக்கு அது.

டிக்கெட் மூன்றாவதாக ஒன்று சொல்லும்.
போகும்போது
ஒன்பது இருபதுக்கு ஏறி
பத்து நாற்பதுக்கு இறங்கலாம்.
வரும்போது
பதினொன்று பத்துக்கு ஏறினால்
ஒன்றரைக்குத்தான் தரை.
அதே முப்பத்துநான்கு இருக்கை,
காதுக்குள் அதே விசிறி இரைச்சல்.
மாநிலம் ஒன்றுதான்;
அவன் ஊர் மட்டும் பக்கத்து மாநிலத்து மணியைக்
கட்டிக்கொண்டிருக்கிறது, அரைமணி பின்னால்.

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
பருத்தித்துறையில் இருக்கும் அண்ணனுக்கும் அவனுக்கும்
நிமிட முள் ஒரே இடத்தில் நிற்கும்.
கட்டியவளோடுதான் ஒத்துப்போகாது.

வியாழன் இரவு சண்டை.
என்னைக் கேட்காமல் இன்னும் இரண்டு வருடத்துக்குக்
கையெழுத்து வைத்துவிட்டான்.
"எண்பது நிமிசம்தானே?" என்றான்.
"நூற்றுநாற்பது" என்றேன்.
இருவரும் பொய் சொல்லவில்லை.

நான் கண் பரிசோதிப்பவள்.
ஆறு மீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம்
முடிவிலி என்றே வைத்துக்கொள்
என்று படித்துத் தேறியவள்.
அதற்குப் பிறகு
எண்பது என்ன, நூற்றுநாற்பது என்ன.

சனி காலை சொல்லாமல் ஏறினேன்.
ஒரு மணி நேரம் சிவப்பு, சிவப்பு,
நீரில்லாத ஏரிகளின் வெள்ளைத் தழும்பு.
பிறகு டார்லிங் ஆறு:
பத்தடி நேராகப் போகத் தெரியாமல்
வளைந்து, திரும்பி, வந்த இடத்தையே எட்டிப் பார்த்து...
என் கட்சி.

இறங்கியபோது
கோபத்தில் அரைமணி மிச்சம் இருந்தது.
அவன் ஷிஃப்டில்.
சாவி வழக்கம்போல்
வாசலில் கழற்றிப்போட்ட பூட்ஸுக்குள்.

சமையலறையில் என் போன் பதினொன்று ஐந்து என்றது.
அடுப்பின் பச்சை எண்கள் பதினொன்று முப்பத்தைந்து.
கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன்.
கேத்தல் கொதிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது என் ஊர் மணி.

இரண்டு மணிக்கு வந்தான், தூசோடு.
கதவடியில் நின்று
என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான்,
பை சின்னது என்பதையும் பார்த்தான்.
அடுப்பைக் காட்டினேன்.
"அதை மாத்தத் தெரியேல்ல" என்றான்,
கோணத்தின் விகலை வரைக்கும்
பிசகாமல் அளக்கிறவன்.

போன ஞாயிறுதான்
ஊரெல்லாம் கோடைக்காக ஒரு மணி முன்னே தள்ளியது.
அடுப்பும் தள்ளியிருந்தது.
தானாகத் தள்ளிக்கொள்ளும் சாதி இல்லை அது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

கையெழுத்து கையெழுத்துத்தான்; இரண்டு வருடம் இரண்டு வருடம்தான்.
பேசினோம், கத்தினோம்,
கத்தரிக்காய் அடிப்பிடிக்கும்வரை.
எத்தனை மணிக்குப் பிடித்தது என்பதில்
இன்றுவரை இருவருக்கும்
அரைமணி வித்தியாசம்.