இலை நனைக்கும் நேரம்

நாளைக்கு முழு அடைப்பு.
இலைக்கட்டு சுவரோரம் கிடக்கிறது,
வாளி வாசலில் இருக்கிறது,
இரண்டுக்கும் நடுவில் நான்.

ராத்திரி நனைத்துச் சாக்கில் சுற்றினால்தான்
காலையில் கத்தரிக்கு இலை வளையும்.
நனைத்ததை மறுநாளுக்கு வைத்தால்
பூத்துப்போகும், கம்பெனியில் கழித்துவிடுவார்கள்.
ஆக,
வேலைநிறுத்தம் காலை ஆறு மணிக்கு என்று
நோட்டீசில் போட்டிருப்பது தப்பு.
முக்கூடலில் அது முந்தின ராத்திரியே
ஒரு செம்புத் தண்ணீரில் தொடங்கிவிடுகிறது.

சாயங்காலம் பேராட்சி எட்டிப் பார்த்தாள்.
'என்னக்கா, நனைச்சாச்சா?'
'நீ?'
'நீங்க சொல்லுங்க மொதல்ல.'
இப்படியே தெரு முழுக்க
கேள்வி மட்டும் வீடுவீடாகப் போய்வந்தது.

சங்கத்துக் கூட்டத்தில் சொன்னது இரண்டு:
யாரும் சுற்றக்கூடாது.
யாரும் எதுவும் வாங்கக்கூடாது,
ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்கூட.
கூலியைக் குறைக்கிறவனுக்கும்
விலையை ஏற்றுகிறவனுக்கும்
ஒரே நாளில் உறைக்கட்டும் என்றார் செயலாளர்.
கை தட்டினோம்.
தட்டி முடித்ததும் ஞானப்பூ எழுந்தாள்:
'நாளைக்கு வியாழக்கெழம.
குழு லோன் தம்பி வந்து நிப்பாரு.
தவணை கட்டுறது செலவுல சேருமா, சேராதா?'
எல்லோரும் சிரித்தார்கள்.
செயலாளர் மைக்கை ஒருமுறை ஊதிப் பார்த்தார்.
கரண்ட் இருந்தது.

டீக்கடை பிரம்மநாயகமும் சங்கத்து ஆள்தான்,
கொடிக்கம்பத்துக்குச் சிமெண்ட் கொடுத்தவர்.
'கடைய அடச்சிருதேன், அது ஒண்ணுமில்ல.
மாட்டுக்கிட்ட யாரு போயி சொல்லுவா,
நாளைக்குப் பால் தராதேன்னு?'

பூலுடையார் கடையிலோ கொடைக் கூட்டம்.
நாளை வாங்கக்கூடாதென்று
இன்றைக்கே இரண்டு நாளைக்கு வாங்குகிறார்கள்.
நானும் நின்றேன்:
அரைக் கிலோ சீனி, பருப்பு, பையனுக்கு ரீபில்.
கடன் நோட்டில் தேதி போடும்போது கேட்டார்,
'இன்னைக்குள்ளதா, நாளைக்குள்ளதா?'
பகடியா நெசமா, தெரியவில்லை.

வீட்டில் இவர் சொன்னது ஒரு நியாயம்:
'ஏட்டி, நீ ஒருத்தி சுத்தாட்டா கவர்மெண்ட் கவுந்துருமா?'
சாப்பிட்டுக் கை கழுவும்போது
இவரே சொன்னது இன்னொன்று:
'நாளைக்கு நீ மட்டும் சுத்துனா
மறுநா தெருவுல எப்படி நடப்ப?'
இரண்டும் சரி.
கம்பெனித் தராசு மாதிரி
ஒரு பக்கம் சாய்ந்துகூடத் தொலையவில்லை முள்.

எண்ணூறு பீடி.
ஒரு நாள் கூலி என்று சொல்ல எளிது.
போன வருசம் கூலி உயர்வு கேட்டு நின்றார்கள்.
காய்ச்சல் என்று சொல்லிவிட்டு
உள்ளே தாழ் போட்டு எண்ணூறு சுற்றியவள் நான்.
கூலி உயர்ந்தது.
எனக்கும் சேர்த்துத்தான் உயர்ந்தது.
ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பதினொரு மணிக்குப் பைப்பில் தண்ணீர் வந்தது.
எல்லா வீட்டிலும் குடம் உருளும் சத்தம்.
காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.
குடிக்கப் பிடிக்கிற தண்ணீரும்
இலைக்குப் பிடிக்கிற தண்ணீரும்
ஒரே சத்தம்தான் போடுகின்றன.

வாளியை நிறைத்தேன். கட்டை அவிழ்த்தேன்.
கை தண்ணீருக்குள் போனது.
பைப் நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்,
இலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.
தீர்மானம் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன்.
தூக்கம் வந்துவிட்டது என்றும் சொல்லலாம்.

காலையில் ஆலங்குளம் பஸ் வரவில்லை.
பேராட்சி வாசலில் வெறும் மடியோடு இருந்தாள்.
சுளகு இல்லாமல் அவளை நான் பார்த்ததேயில்லை.
இவளுக்குக் கால் இவ்வளவு நீளமா?
லோன் தம்பி பத்து மணிக்குச் சரியாக வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றி நிழல் பார்த்து நின்றான்.
இல்லை என்று யாரும் சொல்லவில்லை,
எழுந்து உள்ளே போகவும் இல்லை.

நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.
விரல்கள் அதுபாட்டுக்கு
மடியில் கிடந்த நோட்டீசைக் கிழித்து,
ஓரம் ஒதுக்கி, உருட்டி,
வாயை நகத்தால் மடக்கி வைத்திருந்தன.
நூல்தான் கட்டவில்லை.