முழங்காலுக்குக் கீழே

சியாக்காவின் வேலை
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு
இருட்டில் உட்கார்ந்திருப்பது.

இரவு எட்டிலிருந்து இரண்டுவரை அவன் முறை,
அதன்பின் விடியும்வரை இன்னொருவன்.
கூ நதியின் வாய்க்கால்கள்
நெல்வயலில் இறங்கி அசையாமல் நின்றுவிடும் இடத்தில்
யாரோ ஒருவருடைய வீட்டுச் சுவரோரம்
ஒரு முக்காலி, ஒரு டார்ச்,
பஞ்சடைக்கக் கண்ணாடிக் குழாய்கள்,
மணிக்கொரு துணிப்பை.

தோலில் தூசு ஒன்று வந்து அமர்ந்தாற்போல் இருக்கும்.
டார்ச்சை அடி, குழாயைக் கவிழ்,
அவள் கடிப்பதற்குள்.
அவள்தான். ஆண்கொசு பூந்தேன் குடித்துவிட்டுப் போய்விடும்.
மற்றவை படிந்து உட்காரும்;
இவள் மட்டும் சாய்த்துக் குத்திய முள்ளாய்
பின்னுடல் தூக்கி நிற்பாள்.
காதருகில் பாடுகிறவளுக்கு அவன் பயப்படுவதில்லை.
இவள் பாடுவதில்லை.

எட்டு முதல் ஒன்பது: பதினொன்று.
ஒன்பது முதல் பத்து: இருபத்து நான்கு.
ஊர் உறங்க உறங்க எண்ணிக்கை ஏறும்.

வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்து வாங்கினார்கள்,
தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள்,
அவனுக்கு மட்டும்,
கால் அவனுடையது என்பதால்.
"கடித்த பிறகு பிடித்தால் எப்படி எழுதுவது?"
"அதுவும் ஒன்றுதான்" என்றாள் மேற்பார்வைக்காரி,
சிரிக்காமல்.

ஜூலா மொழியில் இந்தக் காய்ச்சலின் பெயர் சுமாயா.
ஈரம், குளிர்ச்சி என்று பொருளாம்.
என் காதில் அது சுமை என்றே விழுகிறது.
எங்கள் பழைய வைத்தியர்கள்
முறைக்காய்ச்சல் என்றார்கள்:
ஒருநாள் விட்டு ஒருநாள்
வேலைக்கு வருகிறவனைப் போல்
நேரம் தவறாமல் வரும்.

அவன் எண்ணியது போபோவுக்குப் போகும்,
அங்கிருந்து தலைநகருக்கு,
அங்கிருந்து பனிபெய்யும் ஏதோ ஓர் ஊருக்கு.
அங்கே ஒரு வரைபடத்தில்
சிவப்பு கொஞ்சம் அழுத்தமாகும்.
மேற்பார்வைக்காரி ஒருமுறை தன் போனில் காட்டினாள்:
கிழக்கே ஒரு பெரிய ஏரியில்
கொசுவலை வீசிப் பொடிமீன் அள்ளுகிறார்கள்;
கடலுக்கு அப்பால், காட்டாற்றுச் சேற்றில்
நடுங்கிக்கொண்டே தங்கம் தோண்டுகிறார்கள்;
தீவு ஒன்றில்
பள்ளிக்கூடத்துப் பாதி பெஞ்சு காலி.
சியாக்கா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"அங்கேயும் கால் காட்ட ஆள் இருக்கிறானா?"

இந்த ஊரிலும் வலை இருக்கிறது, வலையில் மருந்தும்.
பருத்திக்கு அடித்த மருந்தில்
பிறந்து வளர்ந்தவள் அவள்.
அதன்மேல் நடந்து போகிறாள்.

இரண்டு மணி.
முக்காலியை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்து
கால்சட்டையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தான்.
நியேலே விழித்திருந்தாள்.
மடியில் கரிஜா, நான்கு வயது,
பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ள.
போர்வை, அதன்மேல் நியேலேயின் சேலைத்துணி,
அதன்மேல் அரிசிச் சாக்கு.
போதவில்லை.

மாத்திரை இலவசம்.
பதினொரு கிலோமீட்டர் பெட்ரோல் இலவசமில்லை.
இன்றைய கூலி போக இன்னும் கொஞ்சம் வேண்டும்.
யாரை எழுப்புவது என்று யோசித்தபடியே
கை தானாக டார்ச்சை அடித்தது.

வலையின் உட்பக்கம், மூலையில்,
சாய்ந்து நிற்கும் ஒரு முள்.
வயிறு மாதுளை முத்து.

இந்தக் காய்ச்சலைத் தந்தவள் இவள் இல்லை;
அவள் பத்துப் பதினைந்து நாள் முன்னே வந்து போயிருப்பாள்.
இவள் இங்கிருந்து எடுத்து
அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வந்தவள்.
அடித்து நசுக்கியிருக்கலாம். எவனும் அதைத்தான் செய்வான்.
அவன் சட்டைப்பையிலிருந்து
மறந்து எடுத்துவந்த குழாயை எடுத்துக்
கவிழ்த்தான், பஞ்சடைத்தான்.

எந்தப் பையிலும் சேராது இது.
முறை முடிந்த பின் பிடித்தது.

ஆனாலும் குழாயை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு
யாருக்கோ சொல்வது போல் சொன்னான்:
"இரண்டு முதல் மூன்று: ஒன்று."

பிறகு பெட்ரோல் கேட்க
இருட்டில் இறங்கிப் போனான்.